மலைவீதியில் மோட்டார் சைக்கிள்: வழியிற் பழுது காணும் முறை

வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் வீதியை நம் பழைய மாணவருள் அறியாதார் இலர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில் வெயிலிற் புறப்பட்டவர், 27 கிலோமீற்றர் அளவிற் சென்றதும் 1,000 மீற்றருக்கு மேற்பட்ட எல்லவில் மூடுபனியினுள் நுழைகிறார். பண்டாரவளையை அடையும்போது 1,200 மீற்றரையும் கடந்துவிடுகிறார். நமக்கே காது அடைக்கும் இவ்வேற்றம் வண்டிக்கும் ஒரு சோதனையே. விழாவுக்கும் விடுமுறைக்கும் தூர இடங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர் தொகை பெருகியிருத்தலின், வழியில் வண்டி நின்றால் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டுச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

எஞ்சின் ஓடுதற்கு வேண்டுவன மூன்று. பெற்றோலும் காற்றும் தக்க அளவிற் கலத்தல் வேண்டும். அக்கலவை நன்கு அமுக்கப்படல் வேண்டும். உரிய கணத்திற் தீப்பொறி எழல் வேண்டும். வழியில் நிகழும் பழுதுகளுட் பெரும்பாலன பெற்றோலையோ தீப்பொறியையோ பற்றியனவே. இவ்விரண்டுள் எது என்பதை அறிய ஸ்பனரைத் தேடுமுன் சற்று நினைத்துப் பார்த்தலே போதும். விளக்கை அணைத்தாற்போல எஞ்சின் சட்டென்று ஓய்ந்ததாயின் மின்சாரத்திலே குறை என்க. திணறித் திணறி, இழுத்து இழுத்து ஓய்ந்ததாயின் பெற்றோல் வரவிலே குறை. அன்றியும், நிற்குமுன் வண்டி ஏறிக்கொண்டிருந்ததா, மழையில் நனைந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மலைநாட்டில் நோயைக் கூறுவது பெரும்பாலும் வந்த வழியே.

முதலில் எளியவற்றைப் பார்க்க. கைபிடியிலுள்ள நிறுத்தும் ஆளி தவறுதலாகத் தட்டுப்பட்டிருக்கலாம், பக்கத்தாங்கி மடிக்கப்படாதிருக்கலாம், தாங்கியிற் பெற்றோல் குறைந்து, குழாயைச் சேமிப்பு நிலைக்குத் திருப்பவேண்டிய வேளை வந்திருக்கலாம். இவற்றைப் பாராது எஞ்சினைக் கழற்றத் தொடங்கும் அன்பர்கள் உளர். சுற்றி நிற்போர் ஐவராயின் யோசனை ஆறு வரும். அவற்றையெல்லாம் புன்முறுவலுடன் கேட்டுக்கொண்டு நம் ஒழுங்கின்படியே செல்லுதல் நன்று.

சில கிலோமீற்றர் நன்றாக ஓடிப் பின் நின்று, சிறிது நேரம் ஆறியதும் மீண்டும் ஓடும் வண்டியாயின், பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பார்க்க. ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடுமாயின், மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டிருக்கிறது. உள்ளே காற்றுப் புகாதவிடத்துப் பெற்றோல் கீழிறங்காது. துவாரத்தைத் துப்புரவு செய்தால் நோய் தீர்ந்தது. பெற்றோலில் நீர் கலந்தாலும் இத்தகைய திணறல் தோன்றும். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் எனப் பங்கிட்ட காலத்திலே பெற்றோலைக் கானிலும் போத்தலிலும் சேமித்துப் பழகினோம். அவற்றின் அடியிலுள்ள நீரும் துருவும் வண்டிக்குட் செல்லாவண்ணம் வடித்து ஊற்றுதல் வேண்டும். காபரேற்றரின் அடிக்கிண்ணத்திலுள்ள திருகாணியைத் தளர்த்தி, ஒரு சிறு போத்தலில் வடித்தால், அடியில் நிற்கும் நீர் கண்ணுக்குத் தெரியும்.

உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகிறது. பண்டாரவளையின் உயரத்தில் அதன் செறிவு கடற்கரையிலும் ஏறக்குறைய பத்திலொரு பங்கு குறைவு. பெற்றோல் செலுத்தும் புதுமுறை வண்டிகள் இதனை உணர்ந்து தாமே அளவைக் குறைத்துக்கொள்ளும். காபரேற்றர் வண்டிகளோ அதனை அறியா. ஆகவே பெற்றோல் மிகுந்து, எஞ்சின் சோர்ந்து, பிளக்கின் நுனியிற் கரி படியும். பிளக்கின் நிறமே நல்ல சாட்சி: இளங் கபிலமாயின் நலம், உலர்ந்த கருமையாயின் பெற்றோல் மிகை, எண்ணெய் படிந்த கருமையாயின் எஞ்சினுள் எண்ணெய் எரிகிறது, வெளுத்திருப்பின் அளவு மீறிய சூடு. கரியைத் துடைத்து, காற்று வடிகட்டியைத் தட்டித் துப்புரவு செய்தால் பெரும்பாலும் ஊர் வந்து சேரலாம். வடிகட்டியை அறவே கழற்றிவிட்டு ஓட்டுவோர் செயல் நமக்கு உடன்பாடன்று. புழுதி உள்ளே சென்று சிலிண்டரைத் தேய்க்கும். ஒரு நாள் வசதிக்காக ஓர் எஞ்சினை இழத்தல் அறிவுடைமையாகாது.

மழையில் நனைந்து நின்ற வண்டிக்குப் பிளக்கின் மேலுள்ள தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தையும் கம்பியையும் உலர்ந்த துணியால் துடைத்தலே முதற் சிகிச்சை. அதனாலும் பயனின்றேல், பிளக்கைக் கழற்றித் தொப்பியிற் பொருத்தி, அதன் உலோகப் பகுதி எஞ்சினிற் படுமாறு வைத்து உதைத்துப் பார்க்க. நீலப் பொறி பளிச்சிட்டால் மின்சாரம் நலம். பிளக்குத் துவாரத்தினின்றும் பெற்றோல் ஆவி வெளிவருமாதலால், அதனைத் துணியால் அடைத்துப் பொறியை அப்பால் வைத்தே இச்சோதனையைச் செய்க. தொப்பியையும் வெறுங்கையாற் பிடித்தல் ஆகாது. விளக்கும் ஒலிப்பானும் ஒருங்கே ஓய்ந்திருப்பின், பற்றறியின் முனைகளையும் உருகியையும் பார்க்க. உருகிக்குப் பதிலாகச் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுதல் தீயை அழைப்பதாகும்.

இதுவரை கூறியவை ஓடாத வண்டியைப் பற்றியவை. இம்மலைகளில் நாம் பெரிதும் அஞ்சவேண்டியது நில்லாத வண்டியையே. எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்ரெம்பர் 4 ஆந் திகதி இரவு பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். ஏறும்போது பழகிய வீதிதானே என்ற துணிவு இறங்கும்போது உதவாது. பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அவ்வாறு கியரின்றி உருளும்போது, எஞ்சின் வண்டியைப் பின்னிழுக்கும் ஆற்றல் போய், எல்லாச் சுமையும் பிறேக்கின்மேல் விழுகிறது. ஏறுதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குக. பிறேக்கை இடைவிடாது மெல்ல அழுத்தி வருதலும், பின்பிறேக்கின்மேற் காலை ஓய்வாக வைத்திருத்தலும் தீது. வேண்டியவிடத்து நன்றாக அழுத்திப் பின் விட்டுவிடல் வேண்டும்.

தட்டுப் பிறேக்கின் எண்ணெய் காலப்போக்கிற் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை புதிதாயின் 205 பாகை செல்சியசுக்கு மேலேயே கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் தோன்றும், பிடி மெத்தென்று கைபிடிவரை அமிழும், வண்டி நில்லாது. பிடி சிறிதே மெத்தென்றாலும் அப்பொழுதே கியரைப் படிப்படியாகக் குறைத்து, பிடியை விரைந்து பலமுறை அழுத்தி, மலைப்பக்கமாக ஒதுங்கி நிறுத்துக. கொதிக்கும் தட்டில் நீர் ஊற்றற்க, அது கோணிவிடும். தானே ஆறட்டும். பிடி மீண்டும் இறுகினாலும், எண்ணெயை மாற்றும்வரை அவ்வண்டியை நம்புதல் தகாது. ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுவோர்க்கு இத்தொல்லை அரிது.

பழுது பார்க்க நிற்கும் இடமும் ஆராயத்தக்கது. வளைவின் உட்புறம் ஆகாது. மழை நாளில் வெட்டிய மண் அணைக்கட்டின் கீழ் நிற்றலும் ஆகாது. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி மலை சரிந்து லயன்களை மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையாற் பதுளை மாவட்டத்திற் பலவிடங்கள் சரிந்ததையும் கண்ட நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. வண்டியைச் சிறிது தள்ளிச் சென்றாயினும் திறந்த இடத்தை அடைக. எவரேனும் காயமுற்றால் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும்; வீதியோரத்துக் கிலோமீற்றர்க் கல்லின் எண்ணைக் கூறினால் அவர்கள் இடமறிவது எளிது.

கிளச்சுக் கேபிள் அறுந்தால் சமவெளியிற் கெட்டிக்காரர் தள்ளி ஓட்டி ஊர் சேர்வர். இறக்கத்தில் அது வேண்டா. புதுக் கேபிளொன்றைப் பழையதனருகே முன்னரே ஓட்டி வைத்திருந்தால் கால்மணி நேர வேலையே. சங்கிலியின் இணைப்பை மாற்றும்போது, கவ்வியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். இவற்றோடு ஒரு பிளக்கும், பிளக்குச் சாவியும், உருகி இரண்டும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், சிறு காற்றுப் பம்பும், கைவிளக்கும் இருப்பின் பை நிறைந்தது.

யாதும் பலிக்காவிடின் தோட்டத்து லொறி ஒன்று எப்படியும் வரும். வண்டியை ஏற்றுமுன் பெற்றோல் குழாயை மூடுக. படுக்கவையாது நிமிர்த்தி, முன்கவர் சற்று அமுங்கும்படி இரு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டுக. சூடான புகைக்குழாய் கொழுந்துச் சாக்கிற் படாதவாறு பார்த்துக்கொள்க.