அந்த வாக்குமூலம் யாருக்கெல்லாம் திறக்கும்?

எல்கடுவையில் நான் வளர்ந்த காலத்தில் தோட்டத்து ஆபீசில் ஒரு மர அலுமாரி இருந்தது. செக்ரோல் புத்தகம் மேல்தட்டில், பிறப்பு இறப்புப் பதிவுகள் அதற்குக் கீழே. கணக்கப்பிள்ளைக்கு மேல்தட்டுவரைதான் அதிகாரம். கீழ்த்தட்டின் சாவி பெரிய கிளாக்கரின் இடுப்பில் தொங்கும். எவருக்கு எது தேவையோ அதை மட்டும் திறக்கலாம் என்பதை அங்கே யாரும் விளக்கியதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது நான் பார்த்துக்கொள்வது வன்னியில் இயங்கும் ஒரு சிறிய அமைப்பின் கோப்பு சேர்வரை. 1977இலும் 1983இலும் மாத்தளைப் பக்கத்திலிருந்தும் மலையகத்தின் ஏனைய இடங்களிலிருந்தும் அடிபட்டு வடக்கே போய்க் குடியேறி, 2009வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் ஆவணங்கள் அதில் இருக்கின்றன. காணி அனுமதிப்பத்திரங்கள், பிரஜாவுரிமைக் கடதாசிகள், காணாமலாக்கப்பட்டோர் பற்றி உறவினர்கள் கொடுத்த வாக்குமூலங்கள். எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டி அளவான இயந்திரத்துக்குள் அடக்கம். பழுது வந்தால் எல்கடுவையில் இருந்தபடியே இணையவழி உள்ளே போய்ச் சரிசெய்வேன்.

ஒருநாள் அறிக்கை அனுப்பும் அவசரம். ஊழியர் ஒருவருக்கு கோப்பைச் சேமிக்க முடியவில்லை. இங்கே அடைமழை, சிக்னல் வந்துவந்து போகிறது. தேடிப் பார்க்கப் பொறுமையில்லாமல், ஆக மேலே இருக்கும் போல்டரில் ‘அனைவருக்கும் முழு அனுமதி’ என்று போட்டுவிட்டேன். மாலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். நான்கு மாதம் கழித்து, கணக்கு எழுதும் பையன் ஒருவன் தொலைபேசியில் கேட்டான்: “அண்ணே, ஒரு அம்மாவோட வாக்குமூலம் எனக்குத் திறக்குது. நான் பாக்கலாமா?”

பிழை முழுக்க என்னுடையது. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதுபோன்ற பெட்டிகள் நமது பிரதேசங்களில் பல அலுவலகங்களில் இருக்கின்றன.

விண்டோஸ் சேர்வரில் அனுமதி மழைத்தண்ணீர் போல மேலிருந்து கீழே ஓடும். மேல் போல்டருக்குக் கொடுத்தது, தடுத்து நிறுத்தப்படாவிட்டால், அதனுள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும். வாக்குமூல போல்டரில் இந்த ஓட்டத்தை நான் முறித்து வைத்திருக்கவில்லை. மேலே எவருக்கும் அனுமதி இல்லாததால் மட்டுமே அது அதுவரை பூட்டிக் கிடந்தது.

இரண்டு கதவுகள் இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. வலையமைப்பில் பகிரும்போது கொடுக்கும் அனுமதி ஒன்று, டிஸ்க்கில் உள்ள போல்டரின் அனுமதி இன்னொன்று. வலையமைப்பு வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும், எது இறுக்கமோ அதுவே செல்லும். ஆனால் சேர்வரின் முன்னாலேயே வந்து உட்காருபவருக்குப் பகிர்வுக் கதவு குறுக்கே வராது. ஆகவே உண்மையான பூட்டை இரண்டாவது கதவில்தான் போட வேண்டும்.

அதைவிட மோசமான பழக்கம், ஆளின் பெயருக்கு அனுமதி கொடுப்பது. தொண்டர்கள் வருவார்கள், வெளிநாடு போவார்கள். பெயர்மட்டும் பத்துப் பதினைந்து போல்டர்களில் தங்கிவிடும். பொறுப்புக்கு ஒரு குழுவை உருவாக்கி, அனுமதியைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டால், ஆள் போகும்போது ஒரே இடத்தில் பெயரை எடுத்தால் போதும். இதிலும் ஒரு சங்கதி உண்டு: குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தால், வெளியேறி மீண்டும் நுழையும்வரை பழைய அனுமதி அவரிடம் இருக்கும். அதோடு ‘முழு அனுமதி’ என்பது அனுமதிகளையே மாற்றும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுப்பது. கோப்பை எழுதித் திருத்த அது தேவையே இல்லை.

ஆனாலும் இந்தப் பூட்டுகளுக்கு ஒரு எல்லை உண்டு. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் இந்த அனுமதிகள் எதுவும் நிற்காது. பெட்டியையே தூக்கிக்கொண்டு போவது நமது சனத்துக்குக் கற்பனை அல்ல. டிஸ்க்கை முழுவதுமாக மறைகுறியாக்கி வைத்தால்தான் அதற்கு ஓரளவு பதில். நிர்வாகியின் கணக்கு களவு போனாலும் கதை அதேதான். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 ஜனவரியில் அது வெளியிட்ட தகவலின்படி, பிரிந்த குடும்பங்கள், காணாமற்போனோர், தடுப்பிலுள்ளோர் உட்பட 515,000இற்கும் அதிகமானோரின் விபரங்கள் இருந்த சேர்வர்களுக்குள் அந்நியர் நுழைந்திருந்தார்கள். நுழைந்தது 2021 நவம்பர் 9ஆம் திகதி, கண்டுபிடித்தது அடுத்த ஜனவரி 18ஆம் திகதி. சரியான நேரத்தில் திருத்தப்படாத ஒரு மென்பொருள் ஓட்டைதான் வாசல். உள்ளே வந்ததும் நிர்வாகிகள் போலவே நடமாடினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அது தெரியவர 70 நாட்கள் பிடித்தன.

நமது நாட்டு அரச கிளவுட் சேர்வரை 2023இல் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமல் அழிந்துபோயின. எழுதும் அனுமதி எவருக்கு இருக்கிறதோ, அவர் கணினியில் நுழையும் கிருமிக்கும் அதே அனுமதி கிடைக்கும். பிரதி எடுக்கும் டிஸ்க்கைத் தனியே கழற்றி வைக்கச் சொல்வது இதனால்தான்.

பையனிடம் கோப்பை மூடச் சொல்லிவிட்டு, அனுமதியைத் திருத்தினேன். பிறகு அந்த அம்மாவுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். “யார் யார் பாத்தவை தம்பி?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யார் எப்போது திறந்தார் என்று குறித்துவைக்கும் வசதி சேர்வரில் இருக்கிறது. ஆனால் அதை நாமாகத்தான், போல்டர் போல்டராக, இயக்கி வைக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “என்ர பிள்ளையின்ர படத்தை ஊர் உலகமெல்லாம் பாக்கட்டும். கொண்டுபோனதைக் கண்டு சொன்ன பிள்ளையின்ர பேரை மட்டும் மூடிவை.”

அதுவரை ஒரு குடும்பத்துக்கு ஒரு போல்டர், அதற்கு ஒரே அனுமதி என்றுதான் வைத்திருந்தேன். இப்போது படங்கள் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன. சாட்சிகளின் பெயர்கள் தனி போல்டரில், மேலிருந்து எதுவும் ஓடிவராதபடி முறிக்கப்பட்டு, இருவருக்கு மட்டும். யார் திறந்தாலும் பதிவாகிறது. அந்த இருவரில் நான் இல்லை. நிர்வாகி என்பதால் நினைத்தால் அனுமதியை நானே எடுத்துக்கொள்ளலாம், அதுவும் பதிவாகும். அந்தப் பதிவுகளை மாதம் ஒருமுறை நான் அல்லாத ஒருவர் எடுத்துப் பார்க்கிறார்.