கூலி இல்லை, படம் யாருக்கு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குக் கேமராவோடு வருகிற வெளிநாட்டவர் நமக்குப் புதிதில்லை. எடுத்த படம் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறது என்று தறிக்காரருக்குத் தெரிந்ததும் இல்லை. இப்போது கல்யாணப் படமெடுத்துப் பழகிய நம் பிள்ளைகளிடம், 'வெளிநாட்டில் தன்னார்வப் புகைப்படக்காரர் தேவை' என்ற விளம்பரம் செல்போனில் வந்து நிற்கிறது.

"சம்பளம் இல்லையே அண்ணே, டூரிஸ்ட் விசா போதுமாம்" என்றான் ஒரு தம்பி. எல்லா நாட்டுக்கும் அது போதாது. பிரிட்டனில் சுற்றுலாவாகப் போனவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள்தான் தொண்டு செய்யலாம். அதுவும் பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. அதைத் தரகரிடம் கேட்காமல் அந்நாட்டுத் தூதரகத்திடம் கேளுங்கள்.

'முதலில் தொண்டு, பிறகு சம்பளம்' என்று பேச்சு மாறினால் அது வேலைக்கு ஆள் எடுப்பது. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அந்த முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சரிபார்க்காமல் போவது ஆபத்து: தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்து மியான்மர் மோசடி முகாம்களில் தள்ளுகிறார்கள் என 2022-லேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. யார் கேட்டாலும் 'பத்திரமாக வைக்க'க் கொடுக்காதீர்கள்.

படம் யாருடையது என்பதுதான் பெரிய கேள்வி. கூலி நெசவில் பாவும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது, சேலையும் அவருக்கே. படத்தில் கணக்கு வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவரே முதல் உரிமையாளர். ஒருவர் கேட்டு, கைம்மாறு தந்து எடுக்க வைத்தால் அவருக்குப் போகும். டிக்கெட்டும் தங்குமிடமும் தந்தோமே, அதுவே கைம்மாறு என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. அதனால் படம் யாருடையது என்று புறப்படும் முன்பே எழுதி வாங்குங்கள். உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, நாடு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். 'எல்லா உரிமையும், எக்காலத்துக்கும், உலகெங்கும்' என்ற வரியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டப்படி என்பதையும் பாருங்கள்.

படத்தில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் உலகமே பார்த்த ஆப்கன் அகதிச் சிறுமியின் பெயர் சர்பத் குலா என்பது 2002-இல்தான் வெளியே தெரிந்தது. பெயரையும் சம்மதத்தையும் அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றவரிடமும்.

போன இடத்தில் சிக்கினால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகார் பதியுங்கள் ('மதத்' என்றால் இந்தியில் உதவி). புறப்படும் முன் ஆலோசனைக்கு அதே அமைச்சகத்தின் உதவி எண் 1800-11-3090. இணையத்தில் பணம் கட்டி ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

விலை கூடிய கேமராவா? புறப்படும் அன்றே விமான நிலையச் சுங்கத்தில் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது சொந்தக் கேமராவுக்கே வரி கேட்கக்கூடும்.