கணினி மாறும் நாளில் உங்கள் மருத்துவப் பதிவுகள்

பதிவுப் பிரிவில் மருத்துவமனை எண்ணைச் சொன்னவுடன், சென்ற முறை வந்த தேதி, பார்த்த மருத்துவர், செய்துகொண்ட பரிசோதனைகள் ஆகியவை திரையில் தோன்றுகின்றன. இக்குறிப்புகள் அந்த மேசையின் மீதுள்ள கணினியில் இருப்பவை அல்ல. குளிரூட்டப்பட்ட தனி அறையொன்றில் இரவும் பகலும் இயங்கும் மையக் கணினியில் அவை சேமிக்கப்பட்டுள்ளன. அந்தக் கணினிக்கும் ஆயுள் உண்டு. வட்டுகள் தேய்கின்றன, உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதாகிறது, ஒரு காலத்திற்குப் பிறகு தயாரித்த நிறுவனமும் பராமரிப்பை நிறுத்திக்கொள்கிறது. அப்போது மருத்துவமனை புதிய கணினிக்கு மாறியே ஆக வேண்டும். அந்த மாற்றம் எவ்வாறு நடைபெறுகிறது, நோயாளிகளும் உடனிருப்போரும் அதில் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை இங்கே காண்போம்.

பெரிய வங்கிகள் பயன்படுத்தும் பெருங்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் இடைப்பட்ட திறன் கொண்டவை இடைநிலைக் கணினிகள். இவற்றுள் புகழ்பெற்றது ஐபிஎம் நிறுவனம் 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட ஏஎஸ்/400. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் என்னும் நகரில் அது உருவாக்கப்பட்டது. மருத்துவ உலகம் நன்கறிந்த மேயோ மருத்துவமனை அமைந்திருப்பதும் அதே நகரில்தான். கடைகள், தொழிற்சாலைகள், வங்கிகள், மருத்துவமனைகள் எனப் பல இடங்களிலும் அக்கணினி பயன்பாட்டிற்கு வந்தது. அதன் வழிவந்த இயங்குதளம் ஐபிஎம் ஐ என்னும் பெயரில் இன்றும் வழக்கில் உள்ளது.

இக்கணினியை வடிவமைத்தவர்கள், வன்பொருள் என்றேனும் மாறும் என்பதை முன்கூட்டியே கருத்தில் கொண்டிருந்தனர். நிரல்கள் வன்பொருளோடு நேரடியாகப் பேசாமல், இடையில் உள்ள ஓர் அடுக்கின் வழியாகவே பேசும்படி அமைத்தனர். ஆகவே 1995ஆம் ஆண்டில் செயலியின் அடிப்படை அமைப்பே 48 பிட்டிலிருந்து 64 பிட்டிற்கு மாறியபோதும், பெரும்பாலான நிரல்களை மீண்டும் எழுத வேண்டிய நிலை ஏற்படவில்லை. புதிய கணினி தானே அவற்றை மறுபடி மொழிபெயர்த்துக்கொண்டது. எனினும், அம்மொழிபெயர்ப்பிற்குத் தேவையான உள்விவரங்கள் நீக்கப்பட்டிருந்த நிரல்களுக்கு அவற்றின் மூல வடிவம் தேவைப்பட்டது. அது கைவசம் இல்லாதவர்கள் இடர்ப்பட்டனர். எதை வைத்திருக்கிறோம், எதைத் தொலைத்துவிட்டோம் என்பது பெரும்பாலும் இடம் மாறும் நாளில்தான் தெரியவருகிறது.

முறையாக நடைபெறும் மாற்றம் பல படிகளைக் கொண்டது. முதலில் பழைய கணினியில் உள்ள நிரல்கள், கோப்புகள், அதனோடு இணைந்த அச்சுப்பொறிகள், ஆய்வகக் கருவிகள் அனைத்தும் பட்டியலிடப்படுகின்றன. பின்னர் முழுக் கணினியும் காந்த நாடாவிலோ வேறு சேமிப்பகத்திலோ படியெடுக்கப்பட்டுப் புதிய கணினியில் ஏற்றப்படுகிறது. சில மென்பொருள்களின் உரிமம் கணினியின் வரிசை எண்ணோடு பிணைந்திருப்பதால், புதிய உரிமக் குறியீடுகளை முன்னரே பெற்றாக வேண்டும். இவற்றிற்குப் பிறகு ஒத்திகை நடைபெறுகிறது. மருந்துச் சீட்டு அச்சாகிறதா, ஆய்வக முடிவு உரியவரின் பதிவில் சேர்கிறதா, கட்டணத் தொகை சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றனர். இறுதியாக, நோயாளிகளின் வருகை குறைந்த ஓர் இரவில் பழைய கணினியில் புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டு, கடைசிப் படி எடுக்கப்பட்டு, புதிய கணினி பொறுப்பேற்கிறது. இரு கணினிகளிலும் பதிவுகளின் எண்ணிக்கையும் தொகைகளும் ஒப்பிடப்படுகின்றன. பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்வதற்காகப் பழைய கணினி சில காலம் அப்படியே வைக்கப்படுகிறது.

தரவுகள் பழுதின்றி வந்து சேர்ந்தாலும் ஒரு மாற்றம் தோல்வியடையக்கூடும். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய கணினி அமைப்பிற்கு மாற்றியது. தரவுகள் முறையாக மாற்றப்பட்டன. ஆயினும் புதிய அமைப்பு உடனே தடுமாறத் தொடங்கியது. வாடிக்கையாளர் பலர் தம் கணக்குகளைப் பயன்படுத்த இயலாமல் தவித்தனர். நிலைமை முழுமையாகச் சீரடைய மாதங்கள் ஆயின. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவ்வங்கிக்கு மொத்தம் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன. போதிய சோதனையின்றி எந்த மாற்றமும் செய்யலாகாது என்பதே அந்நிகழ்வு உணர்த்திய பாடம்.

வங்கியில் ஏற்பட்ட பிழையைப் பணத்தால் ஈடுசெய்யலாம். மருத்துவமனையிலோ ஒரு வரி விடுபட்டாலும் அதன் விலை வேறு. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் என்னும் குறிப்பு திரையில் தோன்றாமற்போனால், ஆபத்து நோயாளிக்கே. எனவே மருத்துவமனை எத்துணை கவனத்துடன் செயற்பட்டாலும், உங்கள் பங்கும் தேவைப்படுகிறது.

கணினி மாற்றம் பற்றிய அறிவிப்பைக் கண்டால், அடுத்த வருகைக்கு முன் ஒரு கோப்பைத் தயார் செய்துகொள்ளுங்கள். மருத்துவமனை எண், நோயின் பெயர், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமைகள், முன்பு செய்த அறுவைச் சிகிச்சைகள், அண்மைய பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தரப்பட்ட சுருக்கக் குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். தொடர்ந்து உட்கொள்ளும் மருந்து தீரும் நிலையில் இருந்தால், மாற்ற நாளுக்கு முன்னரே வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

மாற்றம் நடைபெறும் நாளில் பணியாளர்கள் கையால் எழுதிய சீட்டுகளைத் தரக்கூடும். அவற்றைத் தொலைக்காமல் பாதுகாத்து வையுங்கள். பின்னர் கணினியில் ஏற்றும்போது சரிபார்க்க அவை உதவும். அன்று உங்களைக் காணும் ஒவ்வொரு மருத்துவரிடமும் செவிலியரிடமும் ஒவ்வாமைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டால் சலிப்படைய வேண்டா. அது உங்கள் பாதுகாப்பிற்கானது. உள்நோயாளியாக இருப்பவர்கள் மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பெயரும் எண்ணும் தம்முடையவைதாமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றத்திற்குப் பின் வரும் முதல் வருகையில், திரையில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக எழுதப்படுவதுண்டு. சண்முகம், செந்தில் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுகிறோம். இதனால் ஒருவருக்கே இரண்டு பதிவுகள் உண்டாகலாம். ஒருவருடைய பதிவு பெயரொத்த இன்னொருவருடையதோடு கலந்துவிடவும் கூடும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினால் 5-4 என்பது 4-5 ஆகிவிடும். இத்தகைய பிழைகளை அந்த விவரத்திற்கு உரியவரே எளிதில் கண்டறிவார்.

உங்கள் பதிவுகளின் படியைக் கேட்டுப் பெறவும் உங்களுக்கு வழி உண்டு. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் உள்நோயாளிகளின் பதிவுகளைக் காத்து வைக்கவும் அவ்விதிகள் கூறுகின்றன. அதற்கு முந்தைய பதிவுகள் தேவைப்படும் நீண்டகால நோயாளிகள், கணினி மாறும்வரை காத்திராமல் இப்போதே படி பெற்று வைத்துக்கொள்வது நன்று.

புதிய கணினி வந்த முதல் சில நாட்கள் வரிசை சற்று மெதுவாக நகரலாம். அந்நாட்களில் பொறுமையோடு இருங்கள். ஆனால் திரையில் தவறு இருப்பதாகத் தோன்றினால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அன்றே திருத்துவது பணியாளருக்கு எளிது, உங்களுக்குப் பாதுகாப்பு.