ஒரே ஊரில் தங்கி ஜப்பான் சுற்றலாம்! - குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் ஒரு வார பிளான்

ஜப்பான் டூர் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “நமக்கெல்லாம் கட்டுப்படியாகுமா?” என்பதுதான். விமான டிக்கெட்டில் ஓரளவுக்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால், அங்கே இறங்கிய பிறகு ஆகும் செலவு நீங்கள் போடும் ரூட்டைப் பொறுத்தது. டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா என்று ஏழு நாளில் நாடு முழுக்க ஓடினால் பட்ஜெட் எகிறும். ஒரே ஊரில் தங்கி, சுற்றியுள்ள இடங்களை நிதானமாகப் பார்த்தால் செலவு கைக்குள் அடங்கும். அதற்குத் தோதான ஊர், ஒசாகா.

ரயில் பாஸ் தேவையா?

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸ் முன்பு 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 யென்னாக உயர்ந்தது. 100 யென் என்பது தோராயமாக 55 முதல் 60 ரூபாய். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புல்லட் ரயிலில் போய்வர தனி டிக்கெட் எடுத்தாலே சுமார் 29,000 யென்தான். பாஸ் வாங்கினால் நஷ்டம்!

ஒசாகாவில் தங்கினால் புல்லட் ரயிலே வேண்டாம். ஒசாகா - கியோட்டோ சாதாரண ரயிலில் 400 யென் சொச்சம். முக்கால் மணி நேரம். நாராவுக்குச் சுமார் 680 யென். வெள்ளைக் கோட்டைக்குப் பெயர்பெற்ற ஹிமேஜிக்குச் சுமார் 1,500 யென். ஒரு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர சுமார் 1,000 யென். கியோட்டோவுக்கு இரண்டு முறை, மற்ற ஊர்களுக்கு ஒரு முறை போய்வந்து, மெட்ரோ, பஸ்ஸையும் சேர்த்தால்கூட ஒரு பெரியவருக்கு ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 12,000 யென் போதும். 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம்.

எப்போது போகலாம்?

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையே நல்ல நேரம். ஆனால், தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வாக்கில் வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை. ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறும். மே இரண்டாவது வாரத்திலிருந்து கூட்டம் குறையும், வெயிலும் இதமாக இருக்கும். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செர்ரி பூ சீசன் கண்ணுக்கு விருந்து, பர்ஸுக்குச் சோதனை.

தங்குமிடம், சாப்பாடு

ஜப்பானில் பல ஹோட்டல்கள் அறைக்கு அல்ல, ஆளுக்கு என்று கணக்கிடும். அதனால், புக் செய்யும்போது குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் சரியாகப் பதியுங்கள். சமையல் மேடையுடன் கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டல் கிடைத்தால் நம் குடும்பங்களுக்கு வசதி. ஒசாகாவின் ஷின்-இமாமியா ரயில் நிலையப் பகுதியில் வாடகை குறைவு. காசு போட்டால் துவைத்து உலர்த்தும் லாண்டரிகள் எங்கும் உண்டு. ஆளுக்கு மூன்று செட் துணி போதும். விமானத்தில் லக்கேஜ் கட்டணமும் மிச்சம்.

சூப்பர் மார்க்கெட்டுகளில் இரவு 7 மணிக்கு மேல் சாப்பாட்டு டப்பாக்களில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நேரம் ஆக ஆகப் பாதி விலைக்கே வரும். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி நூடுல்ஸ், சூப் என்றாலும் அடிப்படை ரசம் பெரும்பாலும் மீனில் செய்ததுதான். அவல், ரெடிமேட் உப்புமா, ஊறுகாய் எடுத்துச் செல்லுங்கள். அரிசி, தயிர், பழம் அங்கேயே கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். டிப்ஸ் தரும் பழக்கமும் இல்லை.

காசில்லாமல் பார்க்க...

கியோட்டோவில் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் நிற்கும் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 24 மணி நேரமும் திறந்திருக்கும். காலை 7 மணிக்குள் போனால் கூட்டமில்லாமல் நடக்கலாம். அராஷியாமா மூங்கில் காடும் இலவசம். நாரா பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. குழந்தைகள் நகரவே மாட்டார்கள். ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் மட்டும் செலவு வைக்கும். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், அல்லது முதலிலேயே ‘இந்த முறை இல்லை’ என்று பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள்.

“டோக்கியோ பார்க்காமல் ஜப்பானா?” என்று கேட்பார்கள். கோயில், கோட்டை, மான், நவீன நகரம் எல்லாமே ஒசாகாவைச் சுற்றி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. தினமும் பெட்டி கட்டும் அலைச்சல் இல்லாததால் வீட்டுப் பெரியவர்களும் கூட வரலாம்.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். வருமான வரி, வங்கிக் கணக்கு விவரங்களோடு பயணத் திட்டத்தையும் கேட்பார்கள். எனவே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து புக் செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.