பழவேற்காட்டுக் கைலியும் பள்ளிக்கூடத்துப் பட்டுப்பாவாடையும்: தெரியுமா?

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் மாலையில் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு என்ன பெயர் தெரியுமா? ‘கைன் பெலிக்காட்’. பெலிக்காட் வேறெதுவும் இல்லை, சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் நம் பழவேற்காடுதான்! அங்கிருந்து கப்பலேறி வந்த துணிக்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிச் சோழமண்டலத் துணியைக் கிழக்கே அனுப்பியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதே கம்பெனி 1784இல் கோலசிலாங்கூருக்கு வந்து, புக்கிட் மெலாவத்தி குன்றைப் பிடித்து, ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்று பெயர் சூட்டியது. மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுவிட்டார். இன்று அந்தக் குன்றில் குரங்குகளுக்குக் கடலை கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

இந்தப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளைத் தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள் காலையில் பார்க்க வேண்டும். புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று எங்கும் வாசலில் மோட்டார் சைக்கிள்கள். அப்பாவுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருகிறாள் ஒரு சிறுமி. ஒரு கை அப்பாவின் இடுப்பில். மறு கையில் பட்டுப்பாவாடையின் கரை மொத்தத்தையும் சுருட்டிப் பிடித்தபடி. சங்கிலியில் மாட்டினால் போயிற்றே! இறங்கியதும் முதல் வேலை, கசங்கிய கரையை உள்ளங்கையால் நீவிவிடுவது. அந்தப் பக்கம் முதலாம் ஆண்டுப் பையன்கள் சபைகூடலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பாதிப் பேருக்கு வேட்டி ஒட்டுப்பட்டை வைத்தது. மீதிப் பேர் இடுப்பை விட்டுக் கையை எடுப்பதே இல்லை.

மற்ற நாள்களில் இவர்களுக்கு வெள்ளைச் சட்டை, நீலச் சிலுவார். பெண்பிள்ளைகளுக்கு நீலப் பினாபோர் அல்லது பாஜு கூரோங். நாடு முழுக்க எல்லா அரசாங்கப் பள்ளிக்கும் ஒரே சீருடை என்று வந்தது 1970 ஜனவரியில்தான். ஏழை வீட்டுப் பிள்ளையும் கிராணி வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத்தில் நிற்பது நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனாலும் பட்டும் வேட்டியும் உடுத்தி வரும் அந்த ஒரு நாள் வேண்டும்.

ஏன் தெரியுமா? பால்மரம் வெட்டிய பாட்டிகளுக்குத் துணி என்றால் இரண்டு வகைதான். ஒன்று, பால் பட்டு, காய்ந்து, ரப்பராகவே இறுகிப்போன வேலைச் சட்டை. எத்தனை துவைத்தாலும் அந்தக் கறுத்த திட்டு போகாது. இன்னொன்று இரும்புப் பெட்டிக்குள் பாச்சா உருண்டை வாசத்தோடு கிடக்கும் ஒரே ஒரு நல்ல சேலை. அதை எடுப்பது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்தப் பாட்டியின் பேத்தி நல்ல துணி உடுத்திப் பள்ளிக்கூடத்துக்கே போகிறாளே, அது சின்ன விஷயமா?

தோட்டத்துப் பிள்ளைகள் ஓரளவு கூடினால் நிர்வாகமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1912லும் 1923லும் வந்த தொழிலாளர் சட்டங்கள் சொன்னதால் முளைத்தவை இந்தப் பள்ளிகளில் பல. அவற்றில் ஒன்று நிற்கும் மண்ணைக் கவனியுங்கள்: பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய பெஸ்தாரி ஜெயாவின் தென்னமாரம் தோட்டம். மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917இல்! நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு ‘மலேசி’ என்று நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். உலகத்துக்கே எண்ணெய் தந்த பயிரின் முதல் மலேசியத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னமரத்தின் பெயர்!

பள்ளிக்கு எதை அணிந்து வரலாம் என்ற கேள்வி நமக்கு மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு மூக்குத்தி நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போன கதை தெரியுமா? டர்பனில் ஒரு தென்னிந்திய வம்சாவளி மாணவி குடும்ப வழக்கப்படி மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். பொட்டளவு தங்கம். கழற்று என்றது பள்ளி. மாட்டேன் என்றது குடும்பம். 2007 அக்டோபரில் தீர்ப்பு மாணவியின் பக்கம் வந்தது. மதம் கட்டாயமாக்காத வழக்கமானாலும், மனதார விரும்பிக் கடைப்பிடித்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றார்கள் நீதிபதிகள். அதற்குள் அவள் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

நம் பள்ளிகளில் தீபாவளி விடுமுறைக்கு முந்தின அந்த நாளில் இன்னோர் இடத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும்: ஆசிரியர் அறை. மலாய் ஆசிரியை ஒருவர் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய சேலையோடு கையைத் தூக்கியபடி நிற்கிறார். தமிழாசிரியை எதிரே முட்டி போட்டுக் கொசுவம் மடிக்கிறார். வாயில் இரண்டு ஊக்கு. மணி அடித்துவிட்டது. “செக்கேஜாப், செக்கேஜாப்,” என்கிறார் ஊக்கைக் கடித்துக்கொண்டே.