ஆய்வேடின்றி முதுமாணி: குற்றவியல் நீதித்துறையில் மாற்று வழிகள்

குற்றவியல் நீதித்துறையில் முதுமாணிப் பட்டம் பெற விரும்பி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கையேடுகளைப் புரட்டும் எமது பட்டதாரிகள் ஓரிடத்தில் தடுமாறி நிற்பதுண்டு. பட்டத்தை நிறைவு செய்ய 'ஆய்வேட்டு வழி', 'ஆய்வேடில்லா வழி' என இரு வழிகள் அங்கே தரப்பட்டிருக்கும். பின்னையது இலகுவானது என்பார் சிலர். தரங்குறைந்தது என்பார் வேறு சிலர். இவ்விரு கருத்துகளையும் அப்படியே ஏற்க நாம் தயாராக இல்லை.

இத்துறை தனியொரு பல்கலைக்கழகக் கற்கைநெறியாக வேரூன்றிய இடம் ஐக்கிய அமெரிக்காவாகும். மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் இக்கற்கை 1935ஆம் ஆண்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. நியூயோர்க்கின் ஜோன் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரி, 1964இல் தோன்றியபோது பொலிஸ் விஞ்ஞானக் கல்லூரி என்றே பெயர் பெற்றிருந்தது. ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் நியமித்த ஆணைக்குழு 1967இல் வெளியிட்ட அறிக்கை, பொலிஸாரின் கல்வித் தரம் உயர்த்தப்பட வேண்டுமென வலியுறுத்தியது. மறு ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் கீழ், சேவையிலுள்ள அதிகாரிகள் உயர்கல்வி கற்பதற்குக் கடனும் உதவிப்பணமும் வழங்கப்பட்டன. பகலில் கடமை, இரவில் விரிவுரை என்று வாழும் ஒருவர் ஆய்வேட்டுக்கென ஓராண்டை ஒதுக்குவது எளிதன்று. தொழில் புரிவோர் இத்துறையை இவ்வளவு தொகையாக நாடி வருவதை மனதிற் கொண்டால், ஆய்வேடில்லா வழி இங்கு பரவலாக இருப்பதன் காரணம் விளங்கும்.

அமெரிக்க முதுமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 30 முதல் 36 வரையான கிரெடிட்டுகள் தேவைப்படுகின்றன. ஆய்வேடு எழுதுவோருக்கு அவற்றுள் ஏறத்தாழ 6 கிரெடிட்டுகள் ஆய்வேட்டுக்கே போய்விடும். மற்றவர்கள் அதற்கீடாக மேலும் இரண்டு பாடங்களைப் பயில்வர். ஆயினும் குற்றவியற் கோட்பாடு, ஆய்வு முறையியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றிலிருந்து எவருக்கும் விலக்கில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆய்வேடு எழுதாதவரும் பிறர் ஆய்வை வாசித்து எடைபோடத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும்.

இறுதியில் வருவது பெரும்பாலும் முழுப்பாடப் பரீட்சையாகும். கற்ற அனைத்தையும் ஒன்றிணைத்து, சில மணித்தியாலங்களில் கட்டுரை வடிவில் விடையளிக்க வேண்டும். உதாரணமாக, தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றம் குறையும் என்ற வாதத்தை எடுத்து, அதற்கு ஆதாரமான கோட்பாடு எது, அதைச் சோதித்த ஆய்வுகள் எவ்வளவு நம்பத்தக்கவை, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று ஒரே விடையில் எழுதும்படி கேட்கப்படலாம். மனனம் இங்கு உதவாது. சித்தியடையாதவருக்கு மீண்டும் எழுத ஒரு வாய்ப்பு வழங்குவது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். அதிலும் தவறினால் பட்டமே கைநழுவலாம். ஆய்வேட்டையோ மேற்பார்வையாளர் பலமுறை திருத்தித் தருவார். எது இலகுவானது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

மற்றொரு வழி செயற்றிட்ட அறிக்கை. ஆய்வேடு அறிவுலகுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க முயல்கிறது. செயற்றிட்டமோ ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட சிக்கலை எடுத்து, ஏற்கனவே உள்ள ஆய்வுகளின் துணையுடன் அதற்குத் தீர்வு தேடுகிறது. நீதிமன்றம், சிறைச்சாலை, நன்னடத்தைப் பிரிவு முதலியவற்றில் மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெற்று அறிக்கை சமர்ப்பிக்கும் முறையும் உண்டு. அது முன்னனுபவம் இல்லாதோருக்கே அதிகம் பயன்படும்.

ஆனால், எமது நாட்டு மாணவர்கள் தெரிவு செய்யுமுன் கணக்கிலெடுக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. 2012இல் வெளியிடப்பட்டு 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், முதுமாணிப் பட்டத்தை இரு மட்டங்களாகப் பிரித்துள்ளது. பாடங்களை மட்டும் கற்றுப் பெறுவது 9ஆம் மட்டம். அதற்கு 30 கிரெடிட்டுகள் போதும். ஆய்வுக் கூறுடன் கூடியது 10ஆம் மட்டம். அதற்கு 60 தேவை. இரண்டும் முதுமாணியே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பல்கலைக்கழக விரிவுரையாளராக முன்னேற விரும்புவோரிடமும் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிப்போரிடமும் ஆய்வுக் கூறு எதிர்பார்க்கப்படுகிறது. பல இலட்சம் ரூபாவைச் செலவிட்ட பின்னர் இதை அறிந்துகொள்வது வேதனைக்குரியது. ஆகவே அத்தகையோர் ஆய்வேட்டு வழியையே நாடுதல் நலம். வெளிநாட்டுப் பட்டத்தின் அங்கீகாரத்தைப் பணம் செலுத்துமுன்னரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டறிந்துகொள்வதும் அவசியம்.

பொலிஸ், சிறைச்சாலை, சட்டத்துறை ஆகியவற்றில் கடமையாற்றி, அங்கேயே உயர விரும்புவோரின் நிலை வேறு. இவர்களுக்குச் செயற்றிட்ட வழியே பொருத்தமானதென நாம் கருதுகின்றோம். கற்ற பாடங்களிலும் பார்க்க எழுதும் அறிக்கை பயன் தரக்கூடும் என்பதே அதற்குக் காரணம். பொலிஸ் நிலையங்களில் இருமொழி அதிகாரிகள் 24 மணிநேரமும் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் அளிக்க இயல வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட்ட அனுபவம் தமிழ் பேசும் மக்களுக்குப் புதிதன்று. ஒரு பொலிஸ் பிரிவை மட்டும் எடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தில் தமிழில் எழுதக்கூடியவர் இல்லை, இருக்கும் ஆளணியை எவ்வாறு மாற்றியமைத்தால் அவ்விடைவெளி நிரம்பும் என்று ஆராய்ந்தால் அதுவே சிறந்த செயற்றிட்டமாகும். அதற்கு ஐந்து அத்தியாய ஆய்வேடு வேண்டியதில்லை.

கடமைப் பட்டியல்களைப் பார்வையிடவும் அதிகாரிகளைச் செவ்வி காணவும் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியும் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் சம்மதமும் வேண்டும். இவை கைக்கு வர மாதங்கள் செல்லலாம் என்பதால், தலைப்பை முதலாவது தவணையிலேயே தீர்மானித்து விண்ணப்பித்துவிடுவது உசிதமானது.