கல்லுக்குள்ளே ஒரு வடிகட்டி

1961இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘டிராப்பிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ இதழில், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் வீட்டுக் கடல் மீன் தொட்டியைப் பற்றி எழுதினார். அக்காலத்து மேற்கத்தியத் தொட்டிகளில் பவளம் என்பது பெரும்பாலும் வெளுக்கவைத்த வெறும் எலும்புக்கூடு, அலங்காரப் பொருள். லீ கடலிலிருந்து பாறைத் துண்டுகளை எடுத்துவந்தார். அவற்றில் ஒட்டியிருந்த பாசி, புழு, சிறு நண்டுகளைக் கழுவித் தள்ளாமல் அப்படியே தொட்டிக்குள் அடுக்கினார். மேலே வெயில், ஓரத்தில் ஒரு குழாயிலிருந்து மெல்ல ஏறும் காற்றுக் குமிழிகள். வடிகட்டும் இயந்திரம் எதுவும் கிடையாது. அந்தத் தொட்டியில் உயிருள்ள பவளங்கள் வளர்ந்தன.

தண்ணீரைச் சுத்தப்படுத்தியது அந்தக் கல்தான். எப்படி என்று புரிய, மீன் வெளியேற்றும் அம்மோனியாவைப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கிறது. கடல் நீரின் காரத்தன்மையில் அதன் நச்சு கூடும். சிறு தொட்டியில் அது சேர்ந்தால் மீன் தப்பாது. கல்லின் மேற்பரப்பில் படிந்திருக்கும் ஒரு கூட்டம் பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். இந்த வகை நுண்ணுயிர்களை 1890இலேயே செர்கேய் வினோகிராட்ஸ்கி தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிவிட்டார். ஆனால் மீன் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அங்கே உண்மையில் உழைப்பது நைட்ரோஸ்பைரா என்று 1998இல்தான் தெரியவந்தது.

இதுவரை நடந்ததைச் சாதாரணப் பஞ்சு வடிகட்டியும் செய்துவிடும். நைட்ரேட்டோடு அதன் திறமை முடிந்துவிடுகிறது. நைட்ரேட் தண்ணீரில் ஏறிக்கொண்டே போகும். மீன்கள் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பல பவளங்கள் பொறுப்பதில்லை. கல்லின் தனித்தன்மை இங்கே ஆரம்பிக்கிறது.

பவளப்பாறை என்பது நுண்துளைகள் நிறைந்த கால்சியம் கார்பனேட். வெளிப்புறத்தில் குடியிருக்கும் உயிர்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுவதால், சற்று உள்ளே போனாலே அது இல்லாத பகுதி வந்துவிடுகிறது. அந்த இருட்டில் வாழும் பாக்டீரியா சுவாசிக்க நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. ஒரு நைட்ரேட் மூலக்கூறில் நைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் மூன்று. ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டபின் மிஞ்சும் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகி, நீரிலிருந்து வெளியேறுகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். நேற்று மீனுக்குப் போட்ட தீனியின் ஒரு பகுதி இப்படியாக அறைக் காற்றில் கலந்துபோகிறது. ஒரே கல்லில் ஆக்ஸிஜன் தேவைப்படுபவையும் அது ஆகாதவையும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் வாழ்வதை நினைத்தால், எந்த இயந்திரத்தையும்விட எனக்கு இதுதான் பெரிய பொறியியலாகப் படுகிறது.

மணலும் இதே தத்துவம்தான். பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ஜொபேர் 1980களில், தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும் ஒரு வெற்றிடம் விட்டு, அதற்குமேல் கனமாக மணலைப் பரப்பினார். மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் 40,000 லிட்டர் தொட்டியே இந்த முறையில் இயங்கியது. வீடுகளில் வெற்றிடம் இல்லாமல், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நுண்மணல் மட்டும் போடுபவர்கள் உண்டு. மணலில் புழுக்களும் நத்தைகளும் குடியேறி மெல்லக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். நீர் துளியும் அசையாமல் மக்கும் பொருள் தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம்.

பாஸ்பரஸ் விஷயத்தில் கல்லும் மணலும் உதவாது. நைட்ரஜனைப்போல அது வாயுவாகிப் பறந்துவிடுவதில்லை. தீனியோடு உள்ளே வந்த பாஸ்பேட்டை யாராவது கையால் எடுத்து வெளியே போட்டால்தான் உண்டு. அதற்கு எளிய வழி பாசி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, அலை அடிக்கும் வலைத்திரையில் பிரகாசமான விளக்கின்கீழ் பாசிப் புல்லை வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுக்கும் முறைக்கு 1982இல் காப்புரிமை பெற்றார். பாசி வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். சுரண்டும்போது இரண்டும் தொட்டியைவிட்டுப் போகின்றன. இன்று பலர் தொட்டியின் கீழே தனி அறை வைத்து, பச்சை நூல்கண்டு மாதிரி வளரும் கீட்டோமார்ஃபா பாசியை அதில் விடுகிறார்கள். மேல்தொட்டியின் விளக்கு அணையும்போது கீழே விளக்கு எரியும். இரவில் எல்லா உயிரும் கரியமில வாயுவை விட்டு நீரின் பிஎச் அளவை இறக்கும் நேரத்தில், கீழே பாசி அதை உறிஞ்சிக்கொள்கிறது. வோட்காவைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுபவர்களும் இருக்கிறார்கள். கார்பன் உணவு கிடைத்துப் பெருகும் பாக்டீரியா நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உடம்பில் ஏற்றிக்கொள்ள, நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் நுரைநீக்கிக் கருவி அவற்றை அள்ளி எடுக்கும். அளவு தவறினால் நீரின் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

கண்ணில் எளிதில் படாத இன்னொரு பணியாள் கடற்பஞ்சு. கரீபியன் கடலில் கியூரசாவோ தீவுப் பாறைகளை ஆராய்ந்த யாஸ்பர் தெ ஹூய் குழு, குகை இடுக்குகளில் வாழும் பஞ்சுகள் நீரில் கரைந்த கரிமப்பொருளை உறிஞ்சி, தம் செல்களை வெகுவேகமாகப் புதுப்பித்து, பழையவற்றைத் துகள்களாக உதிர்ப்பதைக் கண்டது. அந்தத் துகள்கள் புழுக்களுக்கும் நண்டுகளுக்கும் இரை. பவளமும் பாசியும் கசியவிடும் கரிமப்பொருள் இப்படித்தான் மீண்டும் உணவுச்சங்கிலிக்குள் வருகிறது என்று 2013இல் அவர்கள் அறிவித்தார்கள். பவளப்பாறைகளைச் சூழ்ந்த சத்தில்லாத நீரில் இவ்வளவு உயிர் எப்படி என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை. சில தொட்டிக்காரர்கள் விளக்கே இல்லாத அறை ஒன்றை இவற்றுக்காக ஒதுக்குகிறார்கள்.

லீ செய்ததுபோல் கடலிலிருந்து கல்லைப் பெயர்த்துவருவது மட்டும் இன்று இந்தியாவில் நடக்காது, நடக்கவும் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கியதைக் கண்டவர்கள் நாம். நுண்துளையுள்ள செயற்கைக் கல்லை வாங்கி, ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலைச் சேர்த்தால், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல வேலை தொடங்கிவிடும். ஆனால் பாலைப்போல ஓரிரவில் உறையாது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மிகவும் மெதுவாகப் பெருகுபவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கவே சில வாரங்கள் ஆகும். கல்லின் உட்புறத்துக் குடியேற்றம் கடைசியில்தான் நடக்கும், அதற்கு மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை நைட்ரேட் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பதறாமல் வாரம் ஒருமுறை கொஞ்சம் நீரை மாற்றிக்கொண்டு, புது மீன் வாங்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.